தலைக்குள் ஒரு கடல்

அல்ஃபோன்ஸோ குவாரோனின் 'ரோமா'வை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 2018 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த அதே வாரம், லேப்டாப்பில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எனக்கு சினிமா, அதனால் ஹெட்ஃபோன் இல்லாமல் ஆகாது. மறுநாள் நண்பர் ஒருவர் கேட்டபோது, "அழகான படம்தான், ஆனா ஆறிப்போன காப்பி மாதிரி இருக்கு" என்று சொன்னதாக ஞாபகம். பளிங்கு போலத் துடைத்துவைத்த கறுப்பு வெள்ளை, மெதுவாக நகரும் கேமரா, யாரையும் நெருங்காத தூரம். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் கிளேயோவை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவதாகவே தோன்றியது.

சில வருஷம் கழித்து அதே படத்தை அதே ஹெட்ஃபோனில் இன்னொரு தடவை பார்த்தேன். நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். முதல் தடவை எனக்குக் கிடைத்தது ஸ்டீரியோ. இரண்டாவது தடவை படத்தின் 5.1 ஒலித்தடம் சுருங்காமல் வந்து, மெய்நிகர் சரவுண்ட் என்கிறார்களே, அந்த வித்தை வழியாக இரண்டு காதுக்குள் போனது. என் பழைய தீர்ப்பில் பாதியை வாபஸ் வாங்குவதற்காக இதை எழுதுகிறேன். மீதிப் பாதியை ஏன் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த ஸ்டீரியோ என்ன செய்கிறது என்று பார்க்கலாம். 5.1 என்பது முன்னால் இடது, நடு, வலது, பின்பக்கமாக இடது, வலது என்று ஐந்து தடங்கள், '.1' என்பது அடித்தொண்டை அதிர்வுக்கு மட்டுமான ஆறாவது. கணினியில் இரண்டு காதுக்கான ஹெட்ஃபோன்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் பிளேயர் இவற்றை மடித்துவிடும். நடுத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் பிரித்துப் போடும். பின்தடங்களையும் வழக்கமாக அதே அளவு குறைத்து, அந்தந்தப் பக்கத்து முன்தடத்தோடு கலந்துவிடும். '.1' பெரும்பாலும் குப்பைக்குப் போகும். இதன் விளைவு என்ன? உங்கள் முதுகுக்குப் பின்னால் குரைக்க வேண்டிய நாய், நாயகியின் குரலோடு ஒரே கோட்டில் வந்து நிற்கிறது. ஒன்றும் காணாமல் போவதில்லை. எல்லாம் இருக்கிறது, ஆனால் எல்லாமே ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் உங்கள் மண்டைக்குள்.

பெரும்பாலான படங்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை. வசனத்தை நடு ஸ்பீக்கரில் ஆணியடித்து வைத்துவிட்டு, மழை, கூட்டம், இசை ஆகியவற்றைச் சுற்றிலும் தூவுவதுதான் பொதுவான ஒலிக்கலவை வழக்கம். பின்னாலிருந்து ஏதாவது ஒன்று சட்டென்று பேசினால் பார்வையாளர் திரையை விட்டுவிட்டு அரங்கத்தின் வாசற்கதவைத் திரும்பிப் பார்ப்பார் என்ற பயம் ஒலிக்கலைஞர்களுக்கு எப்போதும் உண்டு. பிரெஞ்சு விமர்சகர் மிஷெல் சியோன் இதை நாடக மேடையின் பக்கத்திரையோடு ஒப்பிட்டுப் பேசுகிறார்: திரைக்கு வெளியே இருந்து வரும் ஓசை, ஏதோ ஒரு மறைவான அறைக்குள் நிஜமாகவே யாரோ இருப்பதுபோன்ற சங்கடத்தைத் தருகிறது. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் தொடக்கத்தில் அரங்கத்தைச் சுற்றிவரும் ஹெலிகாப்டரை 1979இல் வால்டர் மர்ச் உருவாக்கியபோது அது அதிசயமாகப் பேசப்பட்டது. ஆனால் அங்கேயும் சுற்றுவது ஹெலிகாப்டர்தான், பாத்திரங்களின் பேச்சு இல்லை.

'ரோமா' இந்த வழக்கத்தை உடைக்கிறது. இதில் வசனமும் நகர்கிறது. கேமரா இடமிருந்து வலமாக ஒரு கூடத்தைத் துடைத்துக்கொண்டு போனால், பேசிக்கொண்டிருந்த பாட்டியின் குரல் சட்டகத்தை விட்டு வெளியேறி, பக்கவாட்டில் போய், பின்னால் தங்கிவிடுகிறது. அறை அசைவதில்லை, நாம்தான் திரும்புகிறோம். குவாரோனும் ஒலிக்கலைஞர் ஸ்கிப் லீவ்ஸேயும் 'கிராவிட்டி'யிலேயே இதைச் செய்துபார்த்துவிட்டார்கள். ஆனால் விண்வெளியில் மேல் கீழ் இல்லாததால் குரல் சுற்றுவது இயல்பாகத் தோன்றியது. ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டுக் கூடத்தில் அதைச் செய்வது வேறு விஷயம். படத்தில் பின்னணி இசை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் ஓடும் பாட்டும் தெருவில் போகும் பேண்டு வாத்தியமும்தான் இசை. மற்றபடி நாய், விமானம், கத்திக்குச் சாணை பிடிப்பவரின் குழல், குழந்தைகளின் சண்டை, கார் ஷெட் தரையைத் தேய்க்கும் விளக்குமாறு. இவற்றை மண்டைக்குள் குவித்து வைத்தால் படத்தின் பாதிக் கட்டுமானம் போய்விடும். நான் குளிர்ச்சி என்று நினைத்தது அதைத்தானோ என்னவோ.

இனி அந்த வித்தை. வலப்பக்கத்திலிருந்து வரும் சத்தம் இடது காதுக்கு ஒரு மில்லிசெகண்டின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தாமதமாகப் போகிறது. அதோடு தலையின் நிழலில் கொஞ்சம் மங்கியும் போகிறது. தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிகளுக்கு அளவு வித்தியாசம் என்று லார்ட் ராலே 1907இலேயே பிரித்துச் சொல்லிவிட்டார். ஆனால் நேர் எதிரே இருப்பதற்கும் நேர் பின்னால் இருப்பதற்கும் இந்த இரண்டும் ஒன்றுதான். அதைப் பிரித்துக் காட்டுவது காதுமடலின் மடிப்புகள். ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியிலும் சில அதிர்வெண்களை அவை தின்றுவிடுகின்றன, சிலவற்றைத் தூக்கிவிடுகின்றன. மூளை பிறந்ததிலிருந்து அந்தக் கணக்கைப் படித்து வைத்திருக்கிறது. ஹெட்ஃபோன் இந்த மடலை ஏமாற்றிவிட்டு நேராக உள்ளே ஊதுவதால்தான் சத்தம் மண்டைக்குள் கேட்கிறது.

அப்படியானால் மடல் செய்யும் வேலையை அளந்து, கணக்காக்கி, ஒலியில் முன்கூட்டியே கலந்துவிட்டால்? அதுதான் மெய்நிகர் சரவுண்ட். இந்த அளவுக்கு எச்.ஆர்.டி.எஃப் என்று பெயர். 1994இல் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் கீமார் என்ற பொம்மையின் காதுகளுக்குள் மைக் வைத்து, சுற்றிலும் 710 நிலைகளிலிருந்து ஒலி எழுப்பி அளந்தார்கள். அந்த அளவுகளை எல்லோருக்கும் இலவசமாகவும் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் புழங்கும் அடிப்படைத் தரவுகளில் அது ஒன்று. பிறகு ஒவ்வொரு தடத்தையும் ஒரு கற்பனை ஸ்பீக்கராக எண்ணி, அது இருக்க வேண்டிய திசையின் அளவோடு பெருக்கிக் கூட்டினால், ஆறு தடம் இரண்டு காதுக்குள் திசையோடு போய்ச்சேரும். டால்பி ஹெட்ஃபோன் இதே காரியத்தை மூன்று கற்பனை அறைகளாக்கிப் பழைய டி.வி.டி. மென்பொருள்களில் கொடுத்தது. 2017இல் விண்டோஸுக்குள்ளேயே விண்டோஸ் சோனிக் வந்தது. ஹெசுவி என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது, பல நிறுவனங்களின் கற்பனை அறைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். 2022இல் நெட்ஃப்ளிக்ஸே சென்ஹைசரின் தொழில்நுட்பத்தை வைத்து இரண்டு தடத்துக்குள் இடவுணர்வைப் பொதிந்து அனுப்ப ஆரம்பித்தது.

இங்கே ஒரு நடைமுறைச் சங்கதி. நான் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஏமாந்தேன். ஒரு மென்பொருளில் சரவுண்டைப் போட்டுவிட்டு, "ஆகா, என்ன ஒரு விரிவு!" என்று பூரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், பிளேயர் அதற்கு முன்பே ஆறு தடத்தையும் இரண்டாக மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. மடித்த பிறகு வந்த இரண்டைத்தான் மென்பொருள் ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுத்து விரித்திருக்கிறது. பின்னால் இருந்த நாய் திரும்பிப் போகவே இல்லை. கணினியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை 5.1 அல்லது 7.1 என்று மாற்றி, பிளேயரை மடிக்காதே என்று தடுத்து, விரிக்கும் வேலையை ஒரே ஒரு இடத்தில் மட்டும் செய்யவிட்டால்தான் சரிவரும். இரண்டு இடத்தில் செய்தால் எல்லாமே கிணற்றுக்குள் கேட்கும். உலாவியில் பார்க்கிறோமா செயலியில் பார்க்கிறோமா என்பதைப் பொறுத்து, வருவதே ஸ்டீரியோவாகவும் இருக்கலாம். அப்போது எந்த மென்பொருளைப் போட்டும் பயனில்லை. படத்தைப் பற்றி எழுதுகிற நம்மில் எத்தனை பேர் இதையெல்லாம் பார்த்துவிட்டு எழுதுகிறோம்? நான் பார்க்கவில்லை. அச்சுப்பிழைகள் மலிந்த பதிப்பை வாசித்துவிட்டு நாவலாசிரியருக்கு மொழி வரவில்லை என்று எழுதிய கதைதான்.

சரி, படத்துக்கு வருவோம்.

இரவில் கிளேயோ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறாள். கேமரா கூடத்தின் நடுவில் நின்று மெதுவாகச் சுற்றுகிறது. ஸ்டீரியோவில் இது வெறும் நேர்த்தியான காட்சி, 'பார் என் கேமராவை' என்ற ரகம். சரவுண்டில் அவள் காலடி எனக்கு எதிரே தொடங்கி, பக்கவாட்டில் தேய்ந்து, எங்கேயோ ஓரிடத்தில் மறைகிறது. வீட்டின் அளவு எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, அந்த வீட்டில் வேலை என்பது எவ்வளவு தூரம் நடப்பது என்று தெரிந்துவிட்டது. கண்ணுக்கு அவள் சின்ன உருவம்தான். காதுக்கு அவள்தான் அந்த வீட்டை அளந்து கொடுக்கிறாள்.

கணவன் பெட்டியோடு கிளம்பிப்போகும் காட்சி. மனைவி சோஃபியா தெருவில் நிற்கிறாள், பேண்டு வாத்தியக்காரர்கள் அணிவகுத்து அவளைக் கடந்து போகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது இதைக் கொஞ்சம் மலிவான முரண் என்று நினைத்தேன். சோகத்தின் மேல் டமாரம். இப்போது அந்த வாத்தியம் ஒரு பக்கத்திலிருந்து வந்து, என்னைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் தொலைகிறது. கணவன் போய்விட்டான், வாத்தியமும் போய்விட்டது, தெரு காலியாகிவிட்டது. காலியாவதைக் கேட்கவைப்பதற்குத்தான் அந்த வாத்தியம். நிரம்பியிருந்த இடம் எது என்று தெரிந்தால்தானே அது காலியானதும் தெரியும்?

சினிமா அரங்கக் காட்சி இன்னும் ஒரு படி மேல். திரையில் 'லா கிராண்ட் வாத்ருயி' என்ற பிரெஞ்சு நகைச்சுவைப் படம் ஓடுகிறது. கிளேயோ தான் கர்ப்பம் என்று ஃபெர்மீனிடம் சொல்கிறாள். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று அவன் எழுந்து போகிறான், திரும்பி வருவதில்லை. கேமரா பின்னால் இருந்து அவர்கள் முதுகைப் பார்க்கிறது. மண்டைக்குள் கேட்டபோது அந்தச் சிரிப்பு டி.வி. காமெடித் தொடர்களில் ஒட்டவைக்கும் சிரிப்புபோல இருந்தது. இந்தத் தடவை சிரிப்பு என் அக்கம்பக்க நாற்காலிகளில் இருந்தது. படத்துக்குள் படம் முன்னால், சிரிப்பவர்கள் சுற்றிலும், நடுவில் ஒரு நாற்காலி காலி. இரவு ஒரு மணிக்கு ஆளில்லாத அறையில், இல்லாத ஒரு திரையரங்கத்தின் நடுவில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அவள் மேல் அப்போதுதான் முதல்முறையாக இரக்கம் வந்தது என்று சொன்னால் அது தொழில்நுட்பத்துக்குப் போடும் ஜால்ராவாகத் தெரியலாம். ஆனாலும் நடந்தது அதுதான்.

எல்லாம் இப்படி அமையவில்லை. முன்பக்கம் இந்த வித்தை தோற்கிறது. பக்கவாட்டும் பின்பக்கமும் நன்றாக வருகின்றன. நேர் எதிரே வர வேண்டிய குரல் மட்டும் திரைக்குப் போகாமல் என் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் தொங்குகிறது. சில சமயம் பின்மண்டைக்கே போய்விடுகிறது. காரணம், அளக்கப்பட்டது என் காது இல்லை. பொம்மையின் காது சராசரி மனிதனுடைய காது, சராசரி மனிதன் யார் வீட்டிலும் இல்லை. இன்னொரு காரணம், நிஜத்தில் நாம் தலையைத் துளி அசைத்துப் பார்த்துத்தான் முன்னா பின்னா என்று முடிவுசெய்கிறோம். ஹான்ஸ் வாலக் 1940இல் இதைச் சோதனை செய்து காட்டினார். சாதாரண ஹெட்ஃபோனில் தலையை அசைத்தால் மொத்த உலகமும் கூடவே அசைகிறது. ஆப்பிள் 2020இலிருந்து ஏர்பாட்ஸில் தலையசைவைக் கணக்கில் எடுத்துக்கொள்வது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். என்னிடம் அது இல்லை. எனக்குக் கண்தான் உதவியது: பேசும் பொம்மையின் வாய் அசைந்தால் குரல் பொம்மையிடமிருந்து வருவதாகத் தோன்றுமே, அதுபோல உதடு அசைவதைப் பார்த்ததும் குரல் கொஞ்சம் திரைப்பக்கம் நகர்ந்துகொண்டது.

கற்பனை அறை என்ற சமாசாரத்தின்மேல் எனக்கு இதைவிடப் பெரிய புகார் உண்டு. ஸ்பீக்கர் தலைக்கு வெளியே இருப்பதாக நம்பவைக்க, பல நிரல்கள் கொஞ்சம் எதிரொலியைச் சேர்க்கின்றன. 'ரோமா' முழுக்கவே அறைகளின் எதிரொலியைப் பற்றிய படம். ஓடு பதித்த கார் ஷெட்டில் வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் ஒரு மாதிரி, மரத்தரை போட்ட கூடத்தில் காலடி வேறு மாதிரி, மொட்டைமாடித் துணி துவைக்கும் கல்லில் இன்னொரு மாதிரி. எல்லாவற்றின்மீதும் ஒரே கற்பனை அறையின் சாயத்தைப் பூசினால், ரவிவர்மா படத்துக்கு மேல் மெழுகு காகிதம் ஒட்டினதுபோல் ஆகிவிடும். எதிரொலி ஆகக்குறைந்த அமைப்பில்தான் படத்தைக் கேட்க முடிந்தது. மோனோவில் ஒலிப்பதிவான பழைய தமிழ்ப் படங்களை இந்த வித்தையில் போட்டுப் பார்த்தவர்கள் பாவம் செய்தவர்கள் என்பேன். சாவித்திரியின் குரலைக் குளியலறைக்குள் கேட்க நேர்ந்தது எனக்கு. ராஜாவின் பாடல்களுக்கும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் எதை வைப்பது என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், அதை நாம் போய் இடம் மாற்றத் தேவையில்லை.

தனியாக, கட்டிலில் சாய்ந்துகொண்டு, இரண்டு காதிலும் ஒரு அரங்கத்தை வரவழைத்துக்கொள்ளும் ஆசை ஒன்றும் புதிதில்லை. 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அடேர், ஓபரா மேடையில் வைத்த கருவிகளிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, வேறொரு கட்டடத்தில் நின்றவர்களின் இரண்டு காதுக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடந்தால் கேட்பவருக்கும் தெரிந்தது. பின்னாளில் அதே 'தியாத்ரோஃபோன்' சந்தா சேவையாகியது. நோயாளியான மார்செல் ப்ரூஸ்ட் 1911இல் வீட்டில் இருந்தபடியே டெபுஸ்ஸியின் 'பெலெயாஸ்' ஓபராவை அதில் கேட்டார். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து ஒரு மெக்ஸிகோக்காரர் தன் பால்யகாலத்து வீட்டை நினைவிலிருந்து கட்டியெழுப்புகிறார், அதையும் நாம் இரண்டு குமிழ்கள் வழியாகக் கேட்கிறோம். ப்ரூஸ்டுக்குப் பிடித்திருக்கும்.

இனி வாபஸ் வாங்காத பாதி. படம் வந்தபோது 'நியூயார்க்கர்' இதழில் ரிச்சர்ட் பிரோடி கடுமையாக எழுதினார்: இந்தப் படத்தில் கிளேயோவுக்குக் குரலே இல்லை, அவள் ஊர், அவள் வாழ்க்கை, அவள் நினைப்பு எதுவும் நமக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். அன்று ஒப்புக்கொண்டேன். சரவுண்டில் கேட்ட பிறகு ஒரு பதில் தோன்றியது: அவளுக்குப் பேச்சு இல்லையென்றாலும் படம் அவள் காதை நமக்குக் கொடுத்திருக்கிறதே! நாய்க்கு முன்னால், குழந்தைகளுக்கு முன்னால், முதலாளியம்மாவின் காருக்கு முன்னால் கேட்கிற காது வேலைக்காரப் பெண்ணுடையதுதானே?

இந்தப் பதிலில் இரண்டு நாள் மிதந்தேன். பிறகு கடற்கரைக் காட்சியைத் திரும்பப் போட்டுக் கேட்டதில் அது கரைந்துபோனது. துஷ்பான் கடற்கரை. நீந்தத் தெரியாத கிளேயோ, இழுத்துச் செல்லப்படும் குழந்தைகளைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறாள். கேமரா அவளுக்குப் பக்கவாட்டில் அவள் கூடவே போகிறது. அலைகள் ஒரு பக்கத்திலிருந்து எழும்பி, என்னைக் கடந்து, மறுபக்கத்தில் போய் உடைகின்றன. உடைந்த அலையின் நுரை பின்னால் சீறுகிறது. ஒவ்வொரு அலைக்கும் முந்தைய அலையைவிடக் கொஞ்சம் உயரம். சும்மா சொல்லக்கூடாது, மூச்சு முட்டியது. ஆனால் கவனித்துக் கேட்டால், அலை உடைவது அவள் காதில் இல்லை. அவளுக்குச் சில அடி தள்ளி, கேமரா நிற்கும் இடத்தில். படம் முழுக்க அப்படித்தான். ஒலியின் நடுப்புள்ளி அவளல்ல, அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற, வளர்ந்துவிட்ட பையன். தன்னை வளர்த்த லீபோவுக்குப் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் குவாரோன். அந்த அன்பில் சந்தேகமில்லை. ஆனால் அவர் நமக்குக் கொடுத்திருப்பது தன்னுடைய காதைத்தான். கீமார் பொம்மையின் காது வழியாக குவாரோனின் காதைக் கேட்டேன். கிளேயோவின் காது எனக்குக் கிடைக்கவில்லை. பிரோடி சொன்னதில் அந்தப் பங்கு நிற்கிறது.

கரைக்கு வந்த பிறகு, இறந்து பிறந்த தன் குழந்தை பிறக்கவே வேண்டாம் என்று நினைத்திருந்ததாக அவள் அழுதபடி சொல்கிறாள். படத்தில் அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் ஆகப் பெரிய சேதி அதுதான். அந்த இடத்தில் கேமரா நின்றுவிடுகிறது. ஒலியில் எதுவும் சுற்றுவதில்லை. எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், குரல் அவர்கள் நடுவிலிருந்து வருகிறது, கடல் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சி முதல் தடவை ஸ்டீரியோவிலும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை, போன மாதம், ஒரு ஞாயிறு மதியம் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். ஹாலில் இருக்கும் டி.வி.யில், அதன் முதுகில் இருக்கும் மெலிந்த ஸ்பீக்கரில். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளுக்குள் நெளிந்தேன்: அந்த வாத்தியம் பின்னால் போகவில்லை, சிரிப்பு சுற்றிலும் இல்லை, அலை வெறும் இரைச்சல். கடற்கரைக் காட்சியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கவனித்தாயா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அதெல்லாம் யாரு பாத்தா? அந்தப் புள்ளைங்க தலை தெரியுதா இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

கிளேயோ மாடிப்படி ஏறிப்போன பிறகு, வானத்தைக் காட்டியபடி எழுத்துகள் ஓடின. தெருவோசைகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. எழுந்து சமையலறைக்குப் போகப்போனவள் நின்று திரும்பினாள். "ஏங்க, படம் நெடுக ஒரு குழல் சத்தம் வந்துச்சே, அது சாணை புடிக்கிறவர்தானே?"